தாண்டிச் செல்லப்படும் பக்கங்கள்: வாசகர் வட்டங்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளை நூலகங்களிலும் கல்லூரி வகுப்பறைகளிலும் வீட்டு மொட்டை மாடிகளிலும் மாதந்தோறும் கூடி நூல்களைப் பற்றி உரையாடும் வாசகர் வட்டங்களின் உறுப்பினர்களுக்கு,



நாவலோ சிறுகதையோ தன்வரலாறோ எதுவாயினும் தேர்ந்த வாசிப்பை வெளிப்படுத்தும் வட்டங்கள்கூட, கருத்தை முதன்மையாகக் கொண்ட அறிவியல் புனைகதை ஒன்றை எடுத்துக்கொள்ளும்போது தடுமாறுவது வழக்கமாகிவிட்டது. கதை நன்றாகத்தான் தொடங்கியது, நடுவில் ஆசிரியர் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார், அந்தப் பக்கங்களைப் புரட்டித் தள்ளிய பிறகே கதை மீண்டும் பிடிபட்டது என்பதுதான் பெரும்பாலும் அங்கே கேட்கும் தீர்ப்பு. இம்மடல் அத்தீர்ப்பை மறுக்கிறது. இவ்வகை எழுத்தில் பாடம்போலத் தோன்றும் பக்கங்களிலேதான் கதை நிகழ்கிறது என்பதும், அவற்றைத் தாண்டிச் செல்பவர் நூலின் சுமையைக் குறைத்துக்கொள்வதாக எண்ணி நூலையே இழந்துவிடுகிறார் என்பதும் இதன் வாதம்.

விண்கலமும் எந்திர மனிதனும் வரும் எல்லாக் கதைகளையும் பற்றியதன்று இப்பேச்சு. துப்பறியும் கதையொன்றை எழுதி அதன் களத்தை வேற்றுக்கோளுக்கு மாற்றிவிடுவது எளிது. அப்படி எழுதப்பட்டவை விறுவிறுப்பாகவும் இருக்கலாம். ஆனால் களத்தைத் திரும்பவும் மதுரைக்கோ மாஸ்கோவுக்கோ கொண்டுவந்தாலும் அவற்றுக்கு எவ்வித இழப்பும் நேராது. வேறொரு வகை உண்டு. உலகின் இயல்பு குறித்து எல்லோரும் ஐயமின்றி ஏற்றுக்கொண்டிருக்கும் ஒரு கொள்கையை மட்டும் மாற்றிவிட்டு, அம்மாற்றத்திலிருந்து என்னென்ன விளையும் என்பதை விட்டுக்கொடுக்காமல் பின்தொடரும் கதை அது. அதிலிருந்து அம்மாற்றத்தை நீக்கிவிட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஸாக்ரெப் நகரில் பிறந்து கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய திறனாய்வாளர் டார்கோ சுவின், 1979இல் வெளியான தம் நூலில் இத்தகைய மாற்றத்துக்கு 'நோவம்', அதாவது புதுமைக்கூறு, என்று பெயரிட்டார். அறிவியல் புனைகதை என்ற வகைமையையே அவர் 'அறிவுவழி அந்நியமாக்கல்' என்று வரையறுத்தார். பழகிப்போன ஒன்றைப் பழகாததுபோலக் காட்டி, பார்ப்பவரை அதைப் பற்றி முதலிலிருந்து சிந்திக்கவைக்கும் உத்தியான அந்நியமாக்கலை நாடகத்தில் கையாண்டவர் பெர்டோல்ட் பிரெக்ட். அதை எடுத்துக்கொண்ட சுவின், அந்தப் பழகாமை மந்திரத்தால் நேராமல் தர்க்கத்தால் விளங்கத்தக்கதாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தார்.

இயற்பியலாளர்கள் மனச்சோதனை என்று அழைக்கும் முறைக்கும் இவ்வகைக் கதைக்கும் உள்ள உறவு நெருங்கியது. ஆய்வுக்கூடத்தில் செய்ய இயலாத ஒரு சோதனையை மனத்துக்குள் நடத்தி, அதன் முடிவைத் தர்க்கத்தால் கண்டடைவதே மனச்சோதனை. ஒளிக்கதிரை அதே வேகத்தில் துரத்திச் செல்பவன் எதைக் காண்பான் என்று தம் 16ஆம் வயதில் ஐன்ஸ்டைன் கேட்டுக்கொண்ட கேள்வி அதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அந்தப் பயணிக்குப் பெயரில்லை, குடும்பமில்லை, அவனுடைய பாத்திரப் படைப்பு பலவீனமாக இருப்பதாக இதுவரை யாரும் குறைகூறியதுமில்லை.

பொதுவாகப் பேசுவதைக் காட்டிலும் ஒரு நூலை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்பது பயன் தரும். போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்வாஃப் லெம் 1961இல் வெளியிட்ட 'சொலாரிஸ்' நாவலில், சிவப்பும் நீலமுமான இரு சூரியன்களைச் சுற்றிவரும் கோள் ஒன்று வருகிறது. இரண்டு விண்மீன்களின் ஈர்ப்புக்கு இடையே அதன் பாதை நிலைத்திருக்கக் கூடாது என்கிறது கணக்கு, அதுவோ நிலைத்திருக்கிறது. கோளை மூடியிருக்கும் கூழ் போன்ற கடல்தான் தன் கோளின் பாதையைத் தானே திருத்திக்கொள்கிறது என்று தெரியவரும்போது, அக்கடலை உயிரி என்பதா, சிந்திக்கும் மூளை என்பதா, இரண்டும் அல்லாத வேறொன்று என்பதா என்னும் வினா எழுகிறது. தலைமுறை தலைமுறையாக ஆராய்ச்சி நடந்தும் விடை கிட்டாத நிலையில், கோளின்மீது மிதக்கும் ஆய்வு நிலையத்துக்கு உளவியலாளர் கிரிஸ் கெல்வின் வந்து சேர்கிறார். அங்கே, பல ஆண்டுகளுக்கு முன் தற்கொலை செய்துகொண்ட அவருடைய மனைவி ஹேரி, உயிரும் உடலுமாக அவர் அறையில் தோன்றுகிறாள். நிலையத்தில் உள்ள மற்றவர்களுக்கும் இப்படி ஒவ்வொரு 'விருந்தாளி' உண்டு. அவர்களை அனுப்புவது கடல்.

நிலையத்தில் நிலவும் விபரீதத்தைக் கண்ட கெல்வினுக்கு, தாம் பித்துப்பிடித்துக் கிடக்கிறோமோ, இதெல்லாம் நோயுற்ற மூளையின் கற்பனையோ என்ற ஐயம் எழுகிறது. சாதாரண எழுத்தாளர் ஒருவர் இங்கே கதாநாயகனைக் கண்ணாடி முன் நிறுத்தியிருப்பார், அல்லது தன்னைத்தானே கிள்ளிப் பார்க்க வைத்திருப்பார். லெம்மின் கெல்வின் அதற்கு மாறாக ஒரு சோதனையை வடிவமைக்கிறார். கோளைச் சுற்றிக்கொண்டிருக்கும் செயற்கைக்கோளிடம், அது கடந்துசெல்லும் வான்கோடுகளின் மதிப்பை ஐந்து தசம இடங்கள் வரை தருமாறு கேட்கிறார். வந்த விடைகளைப் பார்க்காமலேயே இழுப்பறையில் வைத்து மூடுகிறார். பிறகு நிலையத்தின் பெரிய கணிப்பொறியைக் கொண்டு அதே மதிப்புகளைத் தாமே கணக்கிட்டு, இரு தாள்களையும் ஒப்பிடுகிறார். நான்கு தசம இடங்கள் வரை எண்கள் ஒத்துப்போகின்றன, ஐந்தாவதில் மட்டும் வேறுபாடு. பித்துப்பிடித்த மூளை குரல்களையும் உருவங்களையும் எத்தனை வேண்டுமானாலும் படைக்கலாம்; ஆனால் பெரிய கணிப்பொறி செய்யவேண்டிய கணக்கை ஒரு கணத்தில் மனத்துக்குள் போட்டு முடிக்க எந்த மூளையாலும் ஆகாது. ஆகவே கணிப்பொறி தமக்கு வெளியே உண்மையாகவே இருக்கிறது, தாம் பித்தர் அல்லர் என்ற முடிவுக்கு அவர் வருகிறார். புறவுலகம் உண்டு என்று மெய்ப்பிக்க முடியுமா என்ற பழைய மெய்யியல் வினா, சில பத்திகளில், எண்கள் எழுதிய இரண்டு தாள்களைக் கொண்டு கதைக்குள் நிகழ்த்திக் காட்டப்படுகிறது. அதன் விளைவும் கவனத்துக்குரியது: பித்துப்பிடித்திருந்தால் அதுவே ஒரு விடுதலையாக இருந்திருக்கும்; அந்த வழியும் இப்போது அடைபட்டுவிடுகிறது.

இதைப் பலரும் விரும்பிப் படிப்பார்கள். அடுத்து வருவதுதான் தாண்டப்படும் பகுதி. கெல்வின் நிலையத்தின் நூலகத்தில் அமர்ந்து சொலாரிஸ் ஆராய்ச்சியின் வரலாற்றைப் புரட்டுகிறார். பக்கம் பக்கமாக, அறிஞர் பெயர்களும் கோட்பாடுகளும் எதிர்க்கோட்பாடுகளும் வகைப்பாடுகளும் வருகின்றன. கடல் எழுப்பும் வடிவங்களை கீஸே என்ற அறிஞர் வகைபிரிக்கிறார்: அருகிலுள்ள பொருள்களைப் பெருக்கி நகலெடுப்பவை மைமாய்டுகள், சமச்சீருடைய மாபெரும் கட்டடங்கள்போல எழுந்து சிறிது நேரத்தில் சிதைபவை சிமெட்ரியாடுகள், சமச்சீர் அற்றவை அசிமெட்ரியாடுகள். வகைப்பாட்டை இவ்வளவு பொறுமையாகச் செய்த கீஸே, சிமெட்ரியாடு ஒன்றில் நேர்ந்த பேரழிவில் மற்றவர்களுடன் சேர்ந்து இறந்துபோகிறார். உயிரிழந்தோர் 106 பேர். உடனே கடலின்மீது அணுகுண்டு வீசவேண்டும் என்ற கோரிக்கை எழுகிறது. இப்பெயர்களை மனப்பாடம் செய்ய முயல்பவருக்குத் தலை சுற்றும், ஆசிரியரின் நோக்கமும் அதுவே. ஒரு துறை பிறந்து, நம்பிக்கையோடு வளர்ந்து, பிளவுபட்டு, நிர்வாகமாகி, இறுதியில் எதையும் விளக்காத பெயர்களின் குவியலாக உறைந்துபோகும் வரலாற்றை அப்பக்கங்கள் சொல்கின்றன. அவற்றில் ஓடும் எள்ளல் மிக நுட்பமானது. முழு வாழ்நாளையும் கொட்டி ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதியும் மனிதர் ஆராய்ந்தது கடலை அன்று, கடலைக் குறித்துத் தாம் உருவாக்கிக்கொண்ட சொற்களையே என்ற உண்மை அங்கே மெல்ல மெல்லத் திரண்டு வருகிறது. நூலகத்தில் கிடைக்கும் மற்றோர் ஆவணத்தில், கடலுக்குமேல் மூடுபனிக்குள் பேருருவக் குழந்தையொன்றைக் கண்டதாக பெர்டன் என்ற விமானி அளித்த சாட்சியமும், அதை மயக்கநிலைத் தோற்றம் என்று விசாரணைக் குழு தள்ளுபடி செய்த தீர்ப்பும் இருக்கின்றன. இதைப் படித்தவர்க்கு ஹேரியின் வருகை பேய்க்கதை ஆகாது. நூறாண்டுக் குழப்பத்தில் சேரும் மேலும் ஒரு தரவு அவள், அதே நேரத்தில் கெல்வின் நேசிக்கும் ஒருத்தி. இந்த இரண்டும் ஒரே உடலில் இருப்பதுதான் நாவலின் வலி. நூலகப் பக்கங்களைத் தாண்டியவருக்கு அந்த வலியில் பாதி மட்டுமே கிடைக்கும்.

அப்பாதி எப்படி இருக்கும் என்று அறிய விரும்புவோருக்குத் திரைப்படங்கள் இருக்கின்றன. ஆந்திரே தார்க்கோவ்ஸ்கி 1972இலும் ஸ்டீவன் சோடர்பெர்க் 2002இலும் இந்நாவலைப் படமாக்கினர். முன்னவர் பூமியில் நிகழும் நீண்ட தொடக்கப் பகுதி ஒன்றைச் சேர்த்து, குற்றவுணர்வும் வீடுதிரும்பும் ஏக்கமும் நிறைந்த பெரும் படைப்பொன்றை உருவாக்கினார். பின்னவர் காதலை மட்டும் வைத்துக்கொண்டார். தார்க்கோவ்ஸ்கி எடுத்தது சொலாரிஸ் இல்லை, தாஸ்தாயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்'தான் என்று லெம் குறைப்பட்டுக்கொண்டதும், தம் நூலுக்கு விண்வெளிக் காதல் என்று தாம் பெயர் வைக்கவில்லை என்று இரண்டாவது படத்தின்போது அவர் நினைவூட்டியதும் பலரும் அறிந்தவை. தார்க்கோவ்ஸ்கியின் படம் தன்னளவில் மிக உயர்ந்தது என்பதில் இம்மடலுக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் இரு இயக்குநர்களும் ஒரே இடத்தில்தான் கத்தரி வைத்தார்கள் என்பதும், அந்த இடம் நம் வட்டங்களில் தாண்டப்படும் அதே நூலகப் பக்கங்கள் என்பதும் தற்செயலாக நேர்ந்தவை அல்ல. மனித முகத்தைக் காட்ட முடியாத இடத்தில் கதை நிகழ முடியாது என்ற எண்ணம் அவ்வளவு ஆழமானது. லெம்மின் நாவல் எதிர்ப்பது அந்த எண்ணத்தைத்தான்: மனிதர் அண்டத்தில் தேடுவது தம் முகத்தையே, வேறொன்றைச் சந்திக்க அவர்கள் ஆயத்தமாக இல்லை என்கிறது அது.

இனி, கடினம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதைச் சற்றுப் பிரித்துப் பார்க்கலாம். தெரியாத சொல்லால் வரும் கடினம் ஒன்று. தெரியாத அறிவியலால் வரும் கடினம் மற்றொன்று. கதையுலகின் நடைமுறைகளை ஆசிரியர் விளக்காமலே தொடங்கிவிடுவதால் வருவது இன்னொன்று. இம்மூன்றும் வாயிற்படிகள்; தாண்டிச் செல்லத் தகுந்தவை இவையே. இவற்றுக்கு அப்பால், சொல் எல்லாம் விளங்கிய பிறகும் மனம் ஏற்க மறுக்கும் கருத்தின் கடினம் இருக்கிறது. நின்று படிக்கவேண்டியது அங்கே. தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பயிற்சி புதிதன்று. குறிஞ்சி எதைக் குறிக்கும், முல்லை எதைக் குறிக்கும், செவிலி யார், அலர் என்றால் என்ன என்ற முன்னறிவு இல்லாமல் சங்கப் பாடலுக்குள் நுழைய இயலாது. ஆயினும் அதற்காகக் குறுந்தொகையை யாரும் குறைகூறுவதில்லை, உரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிறார்கள், பல நேரம் உரையாசிரியரோடு சண்டையும் போடுகிறார்கள். அந்தப் பொறுமையில் நாலில் ஒரு பங்கைக் காட்டினாலே வேற்றுலகக் கதையின் முதல் 30 பக்கங்களைக் கடந்துவிடலாம்.

கருத்தின் கடினம் மட்டும் தனித்து நிற்கும் கதைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால், அமெரிக்க எழுத்தாளர் டெட் சியாங் 2008இல் வெளியிட்ட 'எக்ஸலேஷன்' சிறுகதையைச் சொல்லலாம். அதில் மனிதரே இல்லை. ஆர்கான் வாயு நிரம்பி, நாற்புறமும் குரோமியத்தால் அடைபட்ட உலகம் ஒன்றில் உலோக உடல் கொண்டவர்கள் வாழ்கிறார்கள். காற்று நிரப்பிய நுரையீரல்களை நாள்தோறும் மாற்றிக்கொள்கிறார்கள். ஆண்டுப் பிறப்பன்று நண்பகலில், ஓதுவதற்குச் சரியாக ஒரு மணி நேரம் பிடிக்கும் பாடற்பகுதியை ஊர் அறிவிப்பாளர் ஓதி முடிப்பது அங்கே வழக்கம். ஓர் ஆண்டு, ஓதி முடிப்பதற்குள் கடிகாரம் மணி அடித்துவிடுகிறது. கடிகாரத்தில் கோளாறு என்றுதான் முதலில் எண்ணுகிறார்கள். ஆனால் வேறு ஊர்களிலிருந்தும் இதே செய்தி வருகிறது. வெவ்வேறு முறையில் இயங்கும் கடிகாரங்களும் தமக்குள் ஒத்துப்போகின்றன. அப்படியானால் விரைந்தது கடிகாரமா, மெதுவானது மூளையா? கதைசொல்லியான உடற்கூறியலாளர், கண்ணாடிகளையும் கருவிகளையும் பொருத்திக்கொண்டு தம் தலையைத் தாமே திறந்து மூளையை ஆராய்கிறார். எண்ணமும் நினைவும் எதிலும் பொறிக்கப்பட்டிருக்கவில்லை, நுண்ணிய பொற்தகடுகளுக்கு இடையே ஓடும் காற்றின் ஓட்டமே அவை என்று கண்டுகொள்கிறார். காற்று ஓடுவது அழுத்த வேறுபாட்டால். ஒவ்வோர் எண்ணமும் அந்த வேறுபாட்டைச் சிறிது குறைக்கிறது. அழுத்தம் எங்கும் சமமாகும் நாளில் எண்ணமும் நின்றுபோகும்.

வெப்ப இயக்கவியலில் என்ட்ரோபி என்று அழைக்கப்படும் அளவைக் கல்லூரிப் பாடநூல்கள் ஒழுங்கின்மை என்று விளக்கிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. தனித்து விடப்பட்ட எந்த அமைப்பிலும் வேறுபாடுகள் கரைந்து சமநிலையை நோக்கியே எல்லாம் செல்லும் என்ற அவ்விதியை இக்கதை ஒரு சமன்பாடும் இன்றி உணர்த்துகிறது. உயிர் வாழ்வதற்கு வேண்டியது காற்று என்று நம்பியிருந்தவர்கள், வேண்டியது காற்றின் அழுத்த வேறுபாடு என்று அறிவதுதான் கதையின் திருப்பம். அங்கே யாரும் இறக்கவில்லை, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு கருத்து மட்டும் தலைகீழாகிறது, படிப்பவர்க்கு வயிற்றில் ஏதோ இறங்குகிறது. கருத்தே கதைமாந்தராக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

அதே ஆசிரியரின் 1998ஆம் ஆண்டுக் கதையான 'ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்', 2016இல் 'அரைவல்' என்ற திரைப்படமாக வந்ததால் பரவலாக அறியப்பட்டது. காற்றிலிருந்து நீருக்குள் செல்லும் ஒளி, எந்தப் பாதையில் சென்றால் மிகக் குறைந்த நேரம் ஆகுமோ அந்தப் பாதையில் செல்கிறது என்பது 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா வகுத்த விதி. குறைந்த நேரப் பாதையைத் தேர வேண்டுமானால் சேரவேண்டிய இடம் புறப்படும் முன்பே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா என்ற உறுத்தலை எடுத்துக்கொண்ட சியாங், உலகைக் காரணமும் விளைவுமாகக் காணாமல் தொடக்கத்தையும் முடிவையும் ஒருசேரக் காணும் வேற்றுலக உயிர்களைப் படைத்தார். அவர்களின் எழுத்தைக் கற்கும் மொழியியலாளர் லூயிஸ் பேங்க்ஸும் காலத்தை அவ்வாறே காணத் தொடங்குகிறாள். இன்னும் பிறக்காத மகளின் முழு வாழ்வையும், நினைவுகூர்வதைப்போல, அவள் எதிர்காலத்தில் வைத்துச் சொல்கிறாள். கதையில் மகள் தன் 25ஆம் வயதில் பாறையேற்றத்தின்போது விழுந்து இறக்கிறாள். படத்தில் இளம் பருவத்திலேயே தீராத நோயால் இறக்கிறாள். சிறிய மாற்றம்போலத் தெரியும் இதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நோயை யாராலும் தடுக்க முடியாது. ஆகவே அங்கே தாயின் அறிவு துயரமாக மட்டுமே மிஞ்சும். மலையேற வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் விபத்தைத் தடுத்துவிடலாம். தடுக்கக்கூடியது எனத் தெரிந்தும் தாய் அதைச் சொல்லாதிருப்பது எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி வாசகரைக் குடைகிறது, ஃபெர்மாவின் விதி பற்றிய அந்த வறண்ட உரையாடலுக்குத் திரும்பிச் சென்றால்தான் அதற்கு விடை கிடைக்கும். படமோ எதிர்காலத்தை அறிவதைப் போரைத் தவிர்க்கும் கருவியாக்கிக்கொண்டது.

இவ்வகை எழுத்தை மதிப்பிடுவதில் தமிழ்ச் சூழலில் நிலைத்துவிட்ட பழக்கம் ஒன்றையும் குறிப்பிடவேண்டும். அன்றே சொன்னார் என்பது இங்கே அறிவியல் புனைகதைக்கு வழங்கப்படும் உச்சப் பாராட்டு. சுஜாதாவைப் பற்றிய புகழுரைகளில் இது தவறாமல் இடம்பெறும். 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ என்ற எந்திர நாயின் பேச்சில் உள்ள நையாண்டியை, அரசும் குடிமகனும் பற்றி அந்நாவல் எழுப்பும் வினாக்களை விட்டுவிட்டு, எந்தக் கருவியை அவர் முன்கூட்டியே ஊகித்தார் என்று பட்டியலிடுவார்கள். சோதிடருக்கு உரிய அளவுகோலை எழுத்தாளருக்குப் பயன்படுத்தினால் இத்துறையின் மாபெரும் நூல்கள் சில முதல் பக்கத்திலேயே தோற்றுவிடும். லிவர்ப்பூலில் மெய்யியல் பயின்ற ஒலாஃப் ஸ்டேப்பிள்டன் 1930இல் எழுதிய 'லாஸ்ட் அண்ட் ஃபர்ஸ்ட் மென்', இருநூறு கோடி ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறையும் 18 மனித இனங்களின் வரலாறு. 20ஆம் நூற்றாண்டு குறித்து அதன் தொடக்க அத்தியாயங்கள் சொன்னவை ஏறத்தாழ எல்லாமே பொய்த்துப்போயின. ஆனால் பக்கங்கள் செல்லச் செல்ல ஒரு நாகரிகத்தின் மொத்த வாழ்வும் ஒரு பத்தியாகவும், பிறகு ஒரு வாக்கியமாகவும் சுருங்கிக்கொண்டே போகும்போது, நம் காலத்தின் தலைபோகிற காரியங்கள் எந்த அளவில் நிற்கின்றன என்பது வாசகருக்குத் தெரியத் தொடங்குகிறது. அதைத் தருவதற்கு அந்நூலின் ஊகம் ஒன்றுகூடப் பலிக்கவேண்டியதில்லை. 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' என்ற தம் 1969ஆம் ஆண்டு நாவலுக்குப் பின்னாளில் எழுதிய முன்னுரையில் அர்சுலா கே. லெ குவின், நாவலில் வரும் மக்கள் நிலையான ஆண், பெண் பாலின்றி வாழ்வது வருங்காலக் கணிப்பு ஆகாது, இன்றைய மனிதரைப் பார்ப்பதற்கான மனச்சோதனையே என்று விளக்கியதை இதனுடன் சேர்த்துப் படிக்கலாம்.

கருத்துக்கு முதலிடம் என்றதும் கடினமானவை எல்லாம் உயர்ந்தவை என்று இம்மடல் வாதிடுவதாகக் கொள்ளலாகாது. ஆஸ்திரேலிய எழுத்தாளர் கிரெக் ஈகனின் 'டயஸ்போரா' (1997) நாவலின் முதல் அத்தியாயம், பெற்றோர் இன்றி மென்பொருளுக்குள் ஒரு மனம் உருவாவதைப் படிப்படியாக விவரிக்கிறது. 'நான்' என்ற உணர்வு இல்லாத ஒன்றுக்கு அவ்வுணர்வு எந்தக் கணத்தில் வருகிறது என்பதை அதைவிட நுணுக்கமாக எழுதிக்காட்டிய புனைகதை அரிது, அந்த அத்தியாயத்தை இரண்டுமுறை படிக்கும் உழைப்புக்குக் கைம்மேல் பலன் உண்டு. அதே ஆசிரியரின் 'தி கிளாக்வொர்க் ராக்கெட்' (2011), இடமும் காலமும் இணையும் சமன்பாட்டில் ஒரு குறியை மட்டும் மாற்றினால் எத்தகைய அண்டம் கிடைக்கும் என்று காட்டும் நூல். அதன் இயற்பியல் நேர்மையானது, வரைபடங்களுடன் வருகிறது. ஆனால் பல இடங்களில் கதைமாந்தர்கள் ஆசிரியரும் மாணவருமாக மாறிக் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொள்வதன்றி வேறெதுவும் நிகழ்வதில்லை. மகப்பேறே தாயின் அழிவாக அமைந்த அவ்வுலகப் பெண்களின் நிலையைப் பேசும் பகுதிகள் மனத்தைத் தைக்கின்றன, ஒளியியல் பகுதிகள் தைப்பதில்லை. கருத்து எதையேனும் பணயம் வைக்கிறதா என்று பார்த்தால் இவ்வேறுபாடு பிடிபட்டுவிடும். நூலகத்தில் கெல்வின் படிப்பது அவருடைய வாழ்வைப் பணயம் வைத்த படிப்பு. அத்தகைய இக்கட்டு இல்லாத விளக்கத்தைப் பாடம் என்று சொல்ல வாசகருக்கு முழு உரிமை உண்டு.

கடல்வாழ் உயிரியலாளராகப் பயிற்சி பெற்ற கனடிய எழுத்தாளர் பீட்டர் வாட்ஸின் 'பிளைண்ட்சைட்' (2006) இந்த இக்கட்டைக் கடைசி எல்லைவரை கொண்டுசெல்கிறது. மூளையின் பார்வைப் பகுதி சேதமுற்றவர்கள் சிலர், தமக்கு எதுவும் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே, எதிரிலுள்ள பொருளைச் சரியாகச் சுட்டிக்காட்டுவார்கள். நூலின் தலைப்பு அந்நிலைக்கு மருத்துவத்தில் வழங்கும் பெயர். அறிவோடு செயல்படுவதற்கு, செயல்படுகிறோம் என்ற உணர்வு தேவையில்லை என்றால், உணர்வு எதற்காக இருக்கிறது என்று வினவும் அந்நாவல், உணர்வே இல்லாத, ஆனால் மனிதரைவிட அறிவுக்கூர்மை மிக்க வேற்றுயிர்களை முன்னிறுத்துகிறது. சீன மொழி அறியாத ஒருவர், விதிப்புத்தகத்தைப் பார்த்துச் சீனக் கேள்விகளுக்குச் சீனத்திலேயே சரியான விடைகளை எழுதி வெளியே தள்ளினால் அவருக்குச் சீனம் தெரியும் என்று கொள்ளலாமா என்று 1980இல் ஜான் சேர்ல் முன்வைத்த மனச்சோதனை அதில் முக்கியமான இடம் பெறுகிறது. அந்நாவலில் விண்கலத் தலைவராக இரத்தக்காட்டேரி ஒருவரும் வருகிறார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பலர் அந்த இடத்தில்தான் நூலை மூடிவைக்கிறார்கள், மூடிவைத்தது தவறென்று நூலின் இறுதிப் பகுதி காட்டும். இப்போது உரையாடும் கணினி நிரல்கள் பெருகிவிட்டதால் வாட்ஸும் அன்றே சொன்னவர்கள் வரிசையில் சேர்க்கப்பட்டு வருகிறார், அது அவருக்கு நேர்ந்த துரதிர்ஷ்டம்.

இனி நடைமுறை. ஒரு மாதம், ஒரு நூல், ஒரு கூட்டம் என்ற வழக்கமான ஏற்பாடு இவ்வகை நூல்களுக்கு ஒத்துவராது. முதற்கூட்டத்துக்கு 'எக்ஸலேஷன்' போதும். ஒரே அமர்வில் படித்துவிடக்கூடிய அளவுடையது. கடிகாரம் முந்தியதை அறிந்ததும் நீங்கள் எந்த விளக்கத்தை ஊகித்தீர்கள், எந்த வரியில் அது உடைந்தது என்று ஒவ்வொருவரையும் கேட்டால் கூட்டம் தானாக நடக்கும். அடுத்து 'சொலாரிஸ்', மூன்று கூட்டங்களாக: கணக்குச் சோதனை முடியும்வரை முதற்கூட்டம், நூலகப் பகுதிகளுக்கு மட்டும் இரண்டாவது, அதில் ஹேரியைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்ற விதியுடன், எஞ்சியதற்கு மூன்றாவது. ஆங்கிலத்தில் படிப்போர் பதிப்பைப் பார்த்து வாங்கவேண்டும். 1970இல் வந்த ஆங்கில நூல் போலிஷ் மூலத்திலிருந்து பெயர்க்கப்படாமல் பிரெஞ்சு வழியாக வந்தது, அதில் ஹேரி ரேயா என்றும், நிலையத்து ஆய்வாளர்களுள் ஒருவரான ஸ்னாவுட் ஸ்னோ என்றும் மாறியிருப்பார்கள். பில் ஜான்ஸ்டன் 2011இல் மூலத்திலிருந்து நேரடியாகச் செய்த பெயர்ப்பு அதனினும் நம்பத்தக்கது. வட்டத்தில் இயற்பியலோ உளவியலோ கற்பிப்பவர் யாரேனும் இருந்தால் அவரை உரையாசிரியராக உட்காரவைக்கலாம், ஆனால் முதல் அரைமணி நேரம் அவரைப் பேசவிடக் கூடாது. விடை முன்னால் வந்துவிட்டால் வினா சூடு ஆறிவிடும். தமிழில் எழுதப்பட்ட ஒன்றை இவற்றின் அருகில் வைத்துப் பார்க்க விரும்பும் வட்டங்கள் ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பை எடுத்துக்கொண்டு, அக்கதைகளில் மாற்றப்பட்டிருக்கும் கொள்கை எது, அதன் விளைவுகள் எவ்வளவு தூரம் பின்தொடரப்படுகின்றன என்ற அதே கேள்விகளைக் கேட்கலாம்.

நான்கு கூட்டங்களுக்குப் பிறகும் யாரேனும் நூலகப் பக்கங்கள் அலுப்பூட்டின என்று சொன்னால், எந்தப் பக்கம், எந்தப் பத்தி என்று கேட்டு, அதை உரக்கப் படிக்கச் செய்து, அவர் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று வட்டமே முடிவு செய்யட்டும்.